கூரையில் பலகை, கீழே கார்

நெரிசல் என்பது மற்றவர்கள் செய்வது என்று மனதார நம்பும் ஓர் இனம் உண்டு, வாசகரே. காலை எட்டரைக்குத் திண்டுக்கல்லின் எந்தப் பள்ளித் தெருவிலும் தரிசிக்கலாம். ஒற்றைப் பிள்ளை, ஏழு பேர் உட்காரும் கார், ஜன்னலுக்கு வெளியே ஆடும் கை, எல்லாரையும் ஓரம் போகச் சொல்லும் வாய். ஓரம் எங்கே இருக்கிறது? அதில்தான் இவர் கார் நிற்கிறதே.

இந்த இனத்தின் திலகம் டைல்ஸ் கடை பழனிக்குமார். கார்களெல்லாம் தெருமுக்கிலேயே நின்றுவிட வேண்டும், பிள்ளைகள் நடக்க வேண்டும், நடந்தால் ரத்தம் ஓடும், மூளை ஓடும், மார்க்கும் ஓடிவரும் என்று பெற்றோர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் முழங்கிக் கைதட்டல் வாங்கியவர். 'கார்கள் இதற்கு மேல் செல்லக் கூடாது' என்று ஆறடிப் பலகையும் செய்தார். அதைத் தெருமுக்கில் நட்டிருக்கலாம். ஆனால் தலைமை ஆசிரியை ரிப்பன் வெட்டாத பலகைக்கு எவன் மதிப்புக் கொடுப்பான்? ஆகவே திங்கட்கிழமை காலை பலகையைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கே புறப்பட்டார். அவரே போகிறாரே என்று பின்னால் முப்பது கார்கள் போயின.

பின்சீட்டில் மகள் அறிவுச்செல்வி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கபடிக் குழுவின் தலைவி. பத்து மணிக்குள் நிலக்கோட்டை மைதானத்தில் பெயர் கொடுக்காவிட்டால் ஆட்டமே கிடையாது. பள்ளி வேன் எட்டே முக்காலுக்குக் கிளம்பிவிடும். முன்னாலும் கார்கள் அடைத்து நின்றதால் இவர்கள் காரோ அசையவில்லை.

"அப்பா, இங்கனயே இறங்கிக்கிறேன். நடந்தா ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசம் நடக்கவா கார் வாங்கிருக்கேன்? உக்காரு தாயி."

தாயி உட்காரவில்லை. கதவைத் திறந்து ஓடி, பள்ளிக்குள் நின்ற வேனில் ஏறிவிட்டாள். வேன் கிளம்பியது; வாசலை அடைந்தது; நின்றது. அதற்குள் ஊர்ந்து வந்து, வாசலுக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றது அப்பாவின் கார்.

"அண்ணே, செத்த பின்னாடி எடுங்க," என்றார் வேன் டிரைவர் சிலுவைமுத்து.

"எங்கிட்டு எடுக்க? அம்புட்டுப் பேரும் காரைத் தூக்கிட்டு வந்தா இப்பிடித்தான். படிச்சவங்க செய்ற வேலையா இது?"

அறிவுச்செல்வி வேன் கதவைத் திறந்தாள். குழுவை இறக்கினாள். பன்னிரண்டு பெண்கள் பைகளைத் தோளில் போட்டு, பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே பக்கவாட்டில் நழுவி, மெயின் ரோட்டுக்கு ஓடி, நிலக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பெயரும் கொடுத்துவிட்டார்கள்.

பழனிக்குமாருக்கு வெட்கம் வந்திருக்கும் என்கிறீர்களா? கண் கலங்கிவிட்டது மனிதருக்கு, பெருமையில். மகள் மெயின் ரோட்டுக்கு ஓடும்போதே பின்காரின் ஜமால் முகமதுவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா பாய்? எம் மவ நடக்குறா. நம்ம திட்டம் வேல செய்யுது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் பள்ளி விட இன்னும் கால்மணி நேரம் இருக்கிறதே என்று, ஏசியை ஓடவிட்டு, வாசலை மறித்தபடி இதை வாசிப்பவர் நீங்கள் இல்லையே? பின்னால் ஒரு ஆட்டோ வெகுநேரமாக ஹார்ன் அடிக்கிறது. யாருக்கென்று நினைத்தீர்கள்?