பெண் கேட்க வந்தவர்களுக்குப் பரங்கிக்காய் மடித்துக் கொடுத்த விவரம்

சேசு மரி சூசை துணை

பனாமிச்சி,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய பிரிஹிதா அண்ணி அவர்களுக்கு, உங்கள் மறைந்த தங்கை ஒத்திலியாவின் கணவன் எலியோதோரோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் ஞானமகள் அம்பாரோவும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அங்கே கனனேயாவில் உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்து, நீங்கள் பூசைக்கு நடந்தே போய் வர தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். அந்த முழங்கால் மட்டும் சரியாக இருந்து நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது என்பதையும் மரியாதையோடு சொல்லிவைக்கிறேன்.

லியோனோர் அம்மாள் உங்கள் தெருக்காரர்தான், ஆகையால் விஷயம் அவர் வாய்வழியாக ஏற்கெனவே உங்கள் காதுக்கு வந்திருக்கும், கண்ணும் மூக்கும் காதும் வைத்து வந்திருக்கும். நடந்தது இதுதான். அவர் மகன் எவாரிஸ்தோவுக்கு நம் அம்பாரோவைக் கேட்டு வருவதாக ஒரு மாதம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பையன் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவன், குடி கிடையாது, சண்டை கிடையாது, பெரியவர்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறான். குறை என்று ஒன்றும் இல்லை, நானும் தேடிப் பார்த்துவிட்டேன். நம் பெண்ணுக்கு முப்பத்தாறு வயதாகிறது. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. எனக்கு இதில் துளிகூட ஆட்சேபணை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன், வேண்டுமானால் ரொட்டிக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

வருகிறவர்களுக்குக் காப்பியோடு என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, பெரிய பலகாரமெல்லாம் வேண்டாம், கோதுமைத் தோர்த்தியா ரொட்டியைக் கல்லில் போட்டு, உள்ளே ஆட்டுப்பால் பாகு தடவி, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிக் கையில் கொடுத்தால் போதும் என்று அம்பாரோதான் முடிவு செய்தாள். "அஞ்சு நிமிஷ வேலைப்பா. சின்னப் பிள்ளைகூடச் செஞ்சிரும். ஆனா சூடா குடுக்கணும், அதுதான் முக்கியம்"னு சொல்லிச் சொல்லி என் காதே சூடாகிவிட்டது. விடிவதற்கு முன்பே எழுந்து, மாவைக் கையில் வீசி வீசி, மறுபக்கம் இருக்கிற ஆள் தெரிகிற மாதிரி மெல்லிசாகத் தட்டி, துணியில் சுற்றி வைத்தாள். ஒத்திலியாவின் கை அப்படியே இவளுக்கு வந்திருக்கிறது அண்ணி. வெண்ணெய், பொடித்த பருப்பு, பட்டைச் சர்க்கரை, பாகு ஜாடி எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். கேட்டு முடித்துக் கூப்பிடும்வரை பெண் வெளியே தலைகாட்டக் கூடாது அல்லவா. சமையற்கட்டு என் பொறுப்பு. முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவன், உயரத்தைப் பார்த்து ஊரே ஏணி என்று பட்டப்பெயர் வைத்த ஆள், ஒரு தோர்த்தியாவை மடிக்க மாட்டேனா என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர்கள் வந்தார்கள். லியோனோர் அம்மாள், எவாரிஸ்தோ, பேசுவதற்கென்று அழைத்து வந்த தாய்மாமன் நசாரியோ. நாற்காலி போதாமல் சமையற்கட்டு முக்காலிகள் இரண்டையும் காலையிலேயே முன்னறைக்குக் கொண்டுபோயிருந்தோம். நசாரியோ ஆதாம் ஏவாளிலிருந்து பேச்சை ஆரம்பித்தார். அவர் நோவா காலத்துக்கு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நான் உள்ளே வந்து கல்லை மூட்டி, முதல் தோர்த்தியாவைப் போட்டுவிட்டுத் திரும்பினால், அண்ணி, பாகு ஜாடியைக் காணோம். மேசைக்கு அடியில் பார்த்தேன், அலமாரியில் பார்த்தேன், மாவு டப்பாவுக்குள் கையை விட்டு முழங்கை வரை வெள்ளையடித்துக்கொண்டேன். பரண் ஒன்றைத்தான் பார்க்கவில்லை, அங்கே கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைத் தவிர என்ன இருக்கப்போகிறது, அதையும் வருஷத்துக்கு ஒருதரம் நான்தான் கை நீட்டி இறக்குவேன். சத்தம் போட்டு அம்பாரோவைக் கேட்க முடியாது, முன்னறையில் சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள். கொல்லைப்பக்கமாகப் போய் அவள் சன்னலில் தலையை நீட்டினேன். தலைமுடியில் சுருள் மாட்டிக்கொண்டிருந்த பெண் என் மாவு அப்பிய கையைப் பார்த்து அலறாத குறைதான். மேசை மேலதாம்பா வச்சேன், நல்லாப் பாருங்க என்றாள். நான் திரும்பி வருவதற்குள் கல்லில் போட்டது கரியாகியிருந்தது, இன்னொன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முன்னறையில் நசாரியோ ஆபிரகாமின் மருமகள் வரைக்கும் வந்துவிட்டார்.

அப்போதுதான் அடுப்போரத்தில் அந்தச் சட்டி கண்ணில் பட்டது. எனக்காக அம்பாரோ வெல்லப்பாகில் வேகவைத்திருந்த பரங்கிக்காய். அதை மசித்து, தடவி, மடித்து, வெண்ணெயில் போட்டேன். நிஜமாகச் சொல்கிறேன், அந்த வாசனைக்கு நாலு வீடு எட்டிப் பார்த்திருக்கும். மூலை பிசகாமல் மடிந்தது. கையைச் சுடும் சூட்டில் தட்டில் அடுக்கி, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

லியோனோர் அம்மாள் மடிப்பின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். நசாரியோ பேச்சை நிறுத்தினார். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை அண்ணி. "ஆறிப்போயிரும், சாப்பிடுங்க"னு வேறு உபசரித்தேன்.

நசாரியோ எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஐயா, பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னு வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே எந்திரிச்சிப் போயிருப்போம். இப்பிடிச் சுடச்சுடச் செஞ்சி, சக்கர தூவி, அவமானப்படுத்தியிருக்க வேண்டாம்" என்றார்.

பெண் கேட்டு வந்தவனுக்குப் பரங்கிக்காய் வைத்தால் பெண் இல்லை, நடையைக் கட்டு என்று அர்த்தம், இது எங்கள் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். நான் ஒத்திலியாவைக் கேட்டு முதல்முறை வந்தபோது உங்கள் அப்பா எனக்கு வைத்ததும் அதே பரங்கிக்காய்தானே, நீங்கள்தான் தட்டை ஏந்தி வந்தீர்கள். அப்படியிருக்க, எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனாலும் அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை, சத்தியம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள். எவாரிஸ்தோ மட்டும் கடைசியாக எழுந்தான். தன் தட்டில் இருந்ததை ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

அம்பாரோ புதுச் சட்டையோடு வெளியே வந்து தட்டுகளைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நல்லாத்தாம்ப்பா செஞ்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. வீட்டில் கடிகாரத்தின் சத்தம் இத்தனை பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் போய்விட்டால் தினமும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வருகிறது, உடனே, இதை நினைப்பதற்கு இதுவா நேரம் என்று என்னையே கடிந்துகொள்கிறேன். என்னால் அந்தப் பிள்ளையின் வாழ்வு கெட்டுப்போகக் கூடாது அண்ணி.

ஆகையால் கைகூப்பிக் கேட்கிறேன். கம்பை ஊன்றியாவது லியோனோர் அம்மாள் வீட்டுக்குப் போய், எலியோதோரோ முட்டாள், ஆனால் கெட்டவன் இல்லை, ஜாடி தொலைந்ததுதான் காரணம், அவன் மனசில் ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அந்த அம்மாள் நம்புவார்.

தேவமாதா உங்களையும், உங்கள் முழங்காலையும், உங்கள் ஆடுகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள
எலியோதோரோ

பின்குறிப்பு: லியோனோர் அம்மாள் வீட்டுக்குப் போக வேண்டாம். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் எவாரிஸ்தோ தனியாக வந்து நின்றான். "மாமா, நீங்க வச்ச பரங்கிக்காயத் தின்னு முடிச்சிட்டேன். இன்னும் மிச்சம் இருந்தா அதையும் குடுங்க, தின்னுட்டே கேக்குறேன்" என்றான். அம்மாவையும் நசாரியோவையும் சமாதானப்படுத்திவிட்டானாம், ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள். பேசிக்கொண்டிருந்தவன் சமையற்கட்டு விளக்கு விட்டு விட்டு எரிகிறதே என்று முக்காலி போட்டு ஏறினான். பரணில், குடில் பெட்டிக்குப் பின்னால், பாகு ஜாடி இருந்தது. இறக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு விளக்கைப் பார்க்கப் போய்விட்டான். அம்பாரோ ஜாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முக்காலி இரண்டும் முன்னறையில் இருந்தன. முக்காலி இல்லாமல் அந்தப் பரணை எட்டுகிற ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன் அண்ணி, வைத்த ஞாபகம் இல்லை. ஆனால் கை என்னுடையதுதான். அவள் ஜாடியைத் திறந்து, மூன்று தோர்த்தியா சுட்டு, மடித்து, முதலாவதை ஊதி என் கையில் கொடுத்தாள். நன்றாக இருந்தது, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது நீங்கள் வந்துவிடுங்கள். வரும்போது ஒரு ஜாடி பாகு வாங்கி வாருங்கள். அதை அம்பாரோ கையில் கொடுங்கள், என்னிடம் கொடுக்காதீர்கள்.