புரோட்டோகோல் அண்ணையின் முழங்கை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தலைவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்ளாமல் இருந்தார்களே, அதற்கு யார் காரணம் என்று பெரிய பெரிய ஆட்கள் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அத்தனையும் தப்பு. மாண்ட்ரியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்த புரோட்டோகோல் அண்ணைதான் காரணம். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலின் கூட்ட அரங்குகளில் மேசை போடுவதும், நாற்காலி அடுக்குவதும், கொடி நடுவதும், தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலை. அதே ஹோட்டலில் மைக், புரொஜெக்டர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. திருச்சியிலிருந்து போய் இறங்கிய என்னைத் தன் வீட்டின் இரண்டாவது அறையில் குடிவைத்துக்கொண்டதும் அவர்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஒன்று. அதன் தலைவர்கள் மாண்ட்ரியல் பக்கம் வந்தால் எங்கள் ஹோட்டலில்தான் கூட்டம் போடுவார்கள். அவர்கள் வருகிற வாரம் அண்ணையைக் கையில் பிடிக்க முடியாது. முடி வெட்டிக்கொள்வார். எனக்கு வகுப்பு எடுப்பார்.

"தம்பி, இவையளுக்குத் தலைவர் வருசத்துக்கு வருசம் மாறுவார். செயலாளர் நாயகம் மாறமாட்டார். ரெண்டு பேரிலயும் ஆர் பெரிசு எண்டு கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்காயினம். அதுதான் ராசதந்திரம்."

"அப்போ யாருக்கு முதல்ல தண்ணி ஊத்துவீங்க அண்ணே?"

"அதுதானே பிரச்சினை! ரெண்டு கையிலயும் ரெண்டு யாடி. ஒரே நேரத்தில ஊத்துவன்."

நிஜமாகவே இரண்டு கையிலும் ஜாடி பிடித்து ஊற்றினார். அதற்காக வீட்டில் ஒரு மாதம் இடது கையில் பயிற்சி எடுத்தார். எங்கள் சமையலறைத் தரை அந்த மாதம் காயவே இல்லை. நாற்காலி விஷயத்தில் இன்னும் மோசம். தலைவரின் நாற்காலி செயலாளரின் நாற்காலியைவிட ஒரு விரல் உயரம் என்று கண்டுபிடித்து, கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கு வந்திருந்த அதிகாரி ஓடிவந்தார். அண்ணை எழுந்திருக்காமலே, "மெர்சி, மெர்சி, டூ மினிட்ஸ்" என்றார்.

இந்தப் பழக்கங்களையெல்லாம் ஹோட்டலோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அறைக்கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உத்தியோகபூர்வ விஜயமோ, தனிப்பட்ட விஜயமோ?"

"அண்ணே, உப்பு எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்."

"அப்ப தனிப்பட்டது. வாரும், சறத்தோட நிக்கிறன். உத்தியோகபூர்வம் எண்டால் களிசான் போடவேணும்." சறம் என்றால் கைலி, களிசான் என்றால் பேண்ட்.

வீட்டு ஹீட்டர் கெட்டுப்போனபோது கட்டடச் சொந்தக்காரரிடம் பேசப்போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியவர், ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்: "பேச்சுவார்த்தை சுமுகமான சூழலில் நடைபெற்றது. தொடர்ந்து பேசுவதற்கு இரு தரப்பும் உடன்பட்டன." அந்த ஜனவரி முழுக்க நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கினோம்.

அவருடைய அலமாரி மேல் பழுப்புத் தாள் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. நீளமாக, கனமாக. ஒருநாள் தூசி தட்டக் கை வைத்தேன். மனுஷர் பாய்ந்தே விட்டார்.

"அதில கை வையாதையும்! அது ராசதந்திரப் பொதி. உலகத்தில ஒருத்தருக்கும் பிரிக்க உரிமை இல்லை."

விஸ்கியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் புகழின் உச்சம் இரண்டு கதவு விவகாரம். எல்லைத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பக்கத்து நாட்டு அமைச்சர்கள் எங்கள் ஹோட்டலில் சந்திக்கவேண்டும். முதலில் உள்ளே போய் மற்றவருக்காகக் காத்திருக்க இருவருமே தயாரில்லை. முன்னால் போனவன் இறங்கிவந்தவன் ஆகிவிடுவானாம். ஏற்பாட்டைக் கவனித்த ஐரோப்பிய அம்மாள் தாழ்வாரத்தில் அழாக்குறையாக நின்றார். அண்ணை தண்ணீர் யாடியோடு அவர் முன்னால் போய் நின்று, "மேடம். டூ டோர்ஸ். சேம் டைம்" என்றார்.

கிழக்குக் கதவில் அண்ணை, மேற்குக் கதவில் நான். நான் இருமினால் இரண்டு கதவும் ஒரே நொடியில் திறக்கவேண்டும். இருமினேன். இரண்டு அமைச்சர்களும் நடந்துவந்து நடுவில் கை குலுக்கினார்கள். அந்த அம்மாள் நன்றி சொல்லிப் பிறகு அனுப்பிவைத்த புகைப்படம் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டப்பட்டது. நடுவில் இரண்டு அமைச்சர்கள், பின்னால் செயலாளர், இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முழங்கை.

வீட்டுக்கு யார் வந்தாலும் படத்துக்கு முன்னால் நிறுத்திவைத்துச் சொல்வார். "இது என்ர முழங்கை."

இப்படிப்பட்டவருக்கு மாண்ட்ரியலின் மேற்குப் புறநகரான கர்க்லாண்டில் ஒரு தம்பி இருந்தார் என்பதும், அந்தத் தம்பியோடு அவர் ஐந்து வருஷமாகப் பேசவில்லை என்பதும் எனக்கு மெதுவாகத்தான் தெரியவந்தது.

காரணம் ஒரு டெலிஃபோன். தம்பி கர்க்லாண்டில் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது, அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை குடிபூரல், வந்திடுங்கோ" என்று ஃபோனில் சொல்லியிருக்கிறார். ஊர் வழக்கப்படி வீட்டுக்கு வந்து, தட்டில் குங்குமம் நீட்டி, வாயால் சொல்லவேண்டும். ஃபோனில் சொன்னது ஒரு சொல்லா? அண்ணை போகவில்லை. தம்பியின் கட்சியும் லேசானதில்லை. சொந்த அண்ணனுக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போனால் அவரைப் பிறத்தியாராக்கியது போல ஆகாதா? இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் ஐந்து வருஷம் இழுத்தது.

இப்போது தம்பியின் மகள் துஷிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குடும்பம் கனடா வந்த புதிதில் எல்லோரும் இந்த மூன்றாம் மாடி வீட்டில்தான் இருந்தார்கள். பனிக்காலம் முழுக்கத் துஷியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கார்டரிக்கு, அதாவது அந்த ஊர்ப் பிள்ளைகள் காப்பகத்துக்கு, போய்வந்தவர் பெரியப்பாதான். அவள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அங்கிள், பெரியப்பா வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன். அப்பாட்டயும் சொல்லிட்டன். ப்ளீஸ், ஏதாவது செய்யுங்கோ."

அண்ணையிடம் சொன்னேன். அலமாரி மேலிருந்த அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். "அழைப்பில்லாமல் எப்பிடித் தம்பி போறது?" என்றார். உத்தியோகபூர்வமாக ஒன்றும் வரவில்லை. வெறும் பெரியப்பாவாகக் கேட்டார்.

மறுநாள் காலையில் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. களிசான் போட்டுக்கொண்டு வந்து என்னைச் சிறப்புத் தூதுவராக நியமித்தார்.

கையில் ஒரு ஃபைலோடு இரண்டு பஸ் மாறிக் கர்க்லாண்ட் போனேன். உள்ளே நிபந்தனைகள். சந்திப்பு பொது இடத்தில் நடக்கவேண்டும். இரு தரப்பும் ஒரே நேரத்தில் வரவேண்டும். யாரும் முதலில் பேசக்கூடாது. வானிலை பற்றித் தூதுவர் பேச்சைத் தொடங்குவார். எந்த ஆவணமும் கைமாறக்கூடாது. கல்யாண அழைப்பு அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

தம்பி வாசித்தார். "இவருக்கென்ன விசரே?" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கை குடுக்கிறது ஆர் முதல் எண்டு இதில எழுதேல்லையே? அதையும் போடச் சொல்லுங்கோ."

அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்த வியாதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அப்புறம் மூன்று வாரம் கர்க்லாண்டும் கோட்-டெ-நெய்ஜுமாக அலைந்தேன். கோயில் வேண்டாம், அங்கே அண்ணைக்கு ஆதரவாளர்கள் அதிகம். ஹோட்டல் வேண்டவே வேண்டாம், அது அண்ணையின் ஆட்சிப்பகுதி. பூங்கா வேண்டாம், அது தம்பி வீட்டுக்குக் கிட்ட. கடைசியில் ஜான்-டலோன் சந்தையில் உடன்பாடு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி, கத்தரிக்காய்க் கடை முன்னால். அண்ணை வடக்கிலிருந்து, தம்பி தெற்கிலிருந்து. நான் இருமியதும் இருவரும் நடக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் காலியாகக் கிடந்த அரங்கில் அண்ணை ஒத்திகை பார்த்தார். நான்தான் கத்தரிக்காய்க் கடை. ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே நடந்துவந்தார்.

"அவன்ர கால் கட்டை. நான் கொஞ்சம் ஆறுதலா நடக்கவேணும். இல்லாட்டி நான் முதல் வந்திடுவன், அவனுக்கு மானக்கேடு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்திப்பு இடத்தை முன்கூட்டிச் சோதனை செய்யவேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. ஒன்பது மணிக்கே சந்தைக்குப் போய்விட்டேன். நல்ல வெயில். தக்காளிக்கூடைகளுக்கு நடுவில் பிரெஞ்சில் கூவல். கத்தரிக்காய்க் கடையை அடைந்து சுற்றிலும் நோட்டம் விட்டால், வடக்குப் பக்கம் சோளக் குவியலுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோட்டு குனிந்து நிற்கிறது. அண்ணை! பத்து மணி வரை மெட்ரோ வாசலில் நிற்பதாக எனக்குச் சத்தியம் செய்துகொடுத்த அண்ணை. தம்பி தனக்கு முன்னால் வந்து காத்துக்கிடக்கக்கூடாதே என்று எட்டரைக்கே வந்துவிட்டாராம், பிறகு சொன்னார். திரும்பித் தெற்கே பார்த்தேன். பூந்தொட்டிகளுக்கு இடையில் ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மறைந்தது. தம்பி!

இரண்டு பேரும் ஒளிந்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரிகிறது. ஒருவருக்கொருவர் தெரியவில்லை. விட்டால் இன்னும் ஒரு மணி நேரம் சோளமும் பூவுமாக நிற்பார்கள். அதற்குள் யாராவது ஒருவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் கதை கெட்டது.

இருமினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே ராஜதந்திரக் காரியம் அதுதான்.

சோளத்திலிருந்து ஒருவரும் பூவிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் வெளியே வந்தார்கள். பழக்கதோஷம்! அடியெண்ணி நடந்துவந்து கத்தரிக்காய் முன்னால் நின்றார்கள். நான் வானிலை பற்றிப் பேசவேண்டும். பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

தம்பிதான் ஒப்பந்தத்தை முதலில் மீறினார். சட்டைப்பையிலிருந்து கல்யாண அழைப்பிதழையும் ஒரு குங்குமச்சிமிழையும் எடுத்தார். தட்டு இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கடைக்காரரின் தராசுத் தட்டையே கழற்றி, இரண்டையும் அதில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணை, துஷிக்குக் கலியாணம். நீங்கள் வந்து நடத்தித் தரவேணும்."

அண்ணை குங்குமத்தைத் தொட்டார். நெற்றியில் வைக்கப்போய்ப் புருவத்தில் பூசிக்கொண்டார். அப்புறம் கோட்டுக்குள் கையை விட்டு எடுத்தது, கயிறு கட்டிய அந்தப் பழுப்புப் பொட்டலம்.

"இது உன்ர குடிபூரலுக்கு வாங்கினது. குத்துவிளக்கு. அண்டைக்கு நீ ஃபோனை வைச்ச கையோட போய் வாங்கிட்டு வந்தன். பிறகுதான் கோவம் வந்தது."

ஐந்து வருஷமாக அலமாரி மேல் இருந்த விஸ்கி இதுதான். தம்பி பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். அண்ணை, "டேய், டேய்" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். கை கொடுப்பது யார் முதல் என்ற கேள்வி எழவே இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. கடைக்காரர் தன் தராசுத் தட்டைத் திருப்பிக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு பை நிறையக் கத்தரிக்காய் வாங்கினேன். அந்த வழியாக வந்த ஒரு பெண்ணிடம் கேமராவைக் கொடுத்து, எங்கள் மூன்று பேரையும் ஒரு படம் எடுத்துத்தரச் சொன்னேன்.

ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நின்ற பெரியப்பா, மாப்பிள்ளை நாற்காலியும் பெண் நாற்காலியும் ஒரே உயரமா என்று ஐயருக்கு முன்னாலேயே உட்கார்ந்து பார்த்தார். துஷி சிரித்துச் சிரித்து மாலை நழுவியது. அடுத்த வருஷம் அண்ணை கர்க்லாண்ட் வீட்டுக்கே குடிபோய்விட்டார். நான் திருச்சிக்குத் திரும்பி வந்துவிட்டேன். எப்போதாவது ஃபோன் செய்தால், "உத்தியோகபூர்வமோ, தனிப்பட்டதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்.

அந்தச் சந்தைப் படம் திருச்சியில் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. படமெடுத்த புண்ணியவதி கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துவிட்டாள். நடுவில் அண்ணனும் தம்பியும், கட்டிப்பிடித்ததில் இருவர் நெற்றியிலும் ஒட்டிய குங்குமம், பின்னால் கத்தரிக்காய்க் குவியல். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்திவைத்து, இடது ஓரத்தில் பையோடு தெரிகிறதே, அதைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறேன்: அது என் முழங்கை.