சனிக்கிழமைப் பிள்ளை

"வந்துட்டான்!" என்றாள் விஜயலக்ஷ்மி மாமி, கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்தபடி. "சஃபாரி சூட், கையிலே ஃபைல். இன்ஸ்பெக்ஷனேதான்னா!"

சனிக்கிழமைக் காலைப் பேப்பர் ராஜகோபாலன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

பின்பக்கத்துப் பால்கனியில் கதிரவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அது பால்கனிதான். தகரமும் ப்ளைவுட்டும் வைத்து அடைத்து, அறை என்று அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

ஆர்.கே.புரம் அரசாங்க க்வார்ட்டர்ஸில் வெளி ஆளை வைத்துக்கொள்ளக் கூடாது. போன வாரம்தான் எதிர் ப்ளாக்கில் ஒருத்தருக்கு அப்படி வீடே பறிபோயிற்று. ராஜகோபாலன் அந்தக் காலத்தில் மெட்ரிகுலேஷனும் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் பண்ணிவிட்டு டெல்லிக்கு ரயிலேறியவர். வேலையும் கிடைத்தது, வீடும் கிடைத்தது. கதிரவன் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு. அவனுக்கு அந்த வீட்டின் பால்கனி கிடைத்தது, அதுவும் திருட்டுத்தனமாக. பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக் காலம் தள்ளினான். கீழே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் அழகர்சாமி அவனைவிட நன்றாகவே சம்பாதித்தார்.

மாமி போட்ட சட்டங்கள் பல. ஹாலில் உட்காரக் கூடாது. மணி அடித்தால் இருமக் கூடாது. இந்த விலாசத்தை எவருக்கும் தரக் கூடாது. தபாலெல்லாம் கரோல் பாக் மெஸ்ஸுக்குப் போய்விட வேண்டும். கதிரவன் அநேகமாக எல்லாவற்றையும் கடைப்பிடித்தான். அவனோடு பேச ஆளில்லை. சில நாள் தன் பெயரைத் தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வான், வேறு யாரும் கூப்பிடாததால்.

மணி மறுபடி அடித்தது. மாமி கதவைத் திறந்தாள்.

"கதிரவன், எம்.எஸ்ஸி., இங்கேதானே இருக்கார்?" என்று ஹிந்தியில் கேட்டார் வந்தவர்.

"இவன் பேரைப் போட்டே எவனோ பெட்டிஷன் எழுதியிருக்கான், படுபாவி!" என்று ராஜகோபாலன் தமிழில் முனகினார்.

"அப்படி யாருமே கிடையாது பாய்சாப்," என்று மாமி ஹிந்தியில் பொரிந்து தள்ளினாள். "நானும் இவரும்தான். வேற ஈ காக்கா இல்லே."

"நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும், தெரியும். உட்காருங்கோ. காபி சாப்பிடுவேளா?"

அந்த நேரம் பார்த்துத்தானா தும்மல் வரவேண்டும்? பால்கனியே அதிர்ந்தது.

வந்தவர் புருவத்தை உயர்த்தினார். மாமி அசரவில்லை. "எங்க பிள்ளை ஷங்கர். டேய் ஷங்கர், வாடா இங்கே!"

நிஜ ஷங்கர் பம்பாயில் இருந்தான். தீபாவளிக்குக்கூட வருவதில்லை. லுங்கியோடு வந்து நின்ற இந்த ஷங்கரை ராஜகோபாலன் கையைப் பிடித்துச் சோபாவில் உட்கார வைத்தார். மூன்று வருஷத்தில் அவன் அந்தச் சோபாவில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று வந்தவர் அவனிடமே கேட்டார்.

எம்.எஸ்ஸி. என்றால் மாட்டிக்கொள்வோம். இந்தப் பால்கனியும் போனால் டெல்லியில் தலை சாய்க்க இடமில்லை. ஊருக்குத்தான் போக வேண்டும், வெறுங்கையோடு.

"டென்த் ஃபெயில்," என்றான் கதிரவன்.

"ரெண்டு தடவை," என்று ராஜகோபாலன் பொறுப்புள்ள தகப்பனாகச் சேர்த்துக்கொண்டார்.

வந்தவரின் பார்வை திறந்து கிடந்த பால்கனிக் கதவு வழியே உள்ளே போயிற்று. அங்கே தலையணை தலையணையாகக் கெமிஸ்ட்ரிப் புத்தகங்கள். "அப்போ அதெல்லாம்?"

"அதுவா? பழைய பேப்பர்காரனுக்குப் போடறதுக்கு வச்சிருக்கு," என்றாள் மாமி.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் "கபாடீ!" என்று பழைய பேப்பர்காரனின் குரல் கேட்டது. இனிமேல் பின்வாங்க முடியுமா? மாமி அவனை மேலே கூப்பிட்டாள். தராசு வந்தது. கதிரவன் ஆறு வருஷம் படித்ததெல்லாம் பழைய செய்தித்தாளோடு சேர்ந்து எடை போடப்பட்டது. ஒன்றையாவது இழுத்து வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தான். ஆனாலும் டென்த் ஃபெயில் ஆனவன் எந்த முகத்தோடு தடுப்பான்?

வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஒரு விதத்துல நீங்க குடுத்து வச்சவங்க. என் பையன் எம்.ஏ. படிச்சிட்டு வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கான். உங்க பையன் படிக்காமலே உட்கார்ந்திருக்கான். செலவு மிச்சம்!"

ஃபைலைத் திறந்து ஏதோ கிறுக்கிவிட்டு எழுந்து போனார்.

கதவைச் சாத்தி மாமி தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு ராஜகோபாலன் முதலில் சிரித்தார். மாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னமா நடிச்சான் பாருங்கோ! நம்ம ஷங்கர்கூட இவ்வளவு சமத்தா சொன்னதைக் கேட்டதில்லே. உட்காருடா, அடை வார்க்கறேன்."

சுடச்சுட அடை வந்தது, பக்கத்தில் வெல்லம், வெண்ணெய். "இன்னொண்ணு போட்டுக்கோடா ஷங்கர்," என்றாள் மாமி. புத்தகம் போன துக்கத்தைக் கதிரவன் கொஞ்ச நேரம் மறந்தே போனான். இன்னொரு தரம் அப்படிக் கூப்பிட மாட்டாளா என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது. அதற்காகவே மூன்றாவது அடையையும் வாங்கிக்கொண்டான்.

"சரி, கதிரவன்," என்றாள் மாமி, தட்டு காலியானதும். "தட்டை அலம்பி வச்சுட்டு உள்ளே போயிடுங்கோ. யாராவது வந்துடப் போறா."

அவன் தட்டை அலம்பி வைத்தான். புத்தகம் இல்லாத பால்கனி சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. அங்கே தனியாக உட்கார மனம் வரவில்லை. ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். இஸ்திரி ஒரு சாக்குத்தான். அழகர்சாமியிடம் நாலு வார்த்தை பேசலாம்.

அழகர்சாமி இவனைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"பயப்படாதீங்க தம்பி, அந்த ஆளு எங்கிட்டயும் வந்து கேட்டாரு. கதிரவன்னு ஒருத்தன் இந்தப் பக்கமே கிடையாதுன்னு, மாமி சொல்லிக்குடுத்த மாதிரியே அடிச்சுச் சொல்லிப்புட்டேன். பாவம் மனுசன், 'சர்க்கார் லேப்ல வேலைக்கு எடுத்த பையன், மனுவுல இந்த விலாசம்தான் குடுத்திருக்கான், அதைச் சரிபாத்துட்டா ஆர்டர் குடுத்துறலாம்னு வந்தேன், இனிமே அடுத்த ஆளுக்குத்தான்'னு புலம்பிக்கிட்டே ஆட்டோ ஏறிப் போயிட்டாரு!"