பிள்ளைக்காம்பராவில் எனக்குச் சாமி வந்த கதை

புதிதாக ஒரு பயிற்சிக்குப் போய்வந்த ஆளைப்போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. எதிரில் வருகிற எல்லோருமே அவருக்கு நோயாளியாகத் தெரிவார்கள். இதை நான் தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்தப் பிராணி நான்தான்.

எங்களுடையது தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஓர் அடைமழையில் மலை சரிந்து, நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதியைக் கொண்டுபோயிற்று. யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் என் அண்ணி செல்வமணி இடுப்புவரை மண்ணுக்குள் போய்விட்டாள். இரண்டு கையும் கூரைப் பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டன. ஆட்கள் தோண்டி எடுக்கும்வரை ஒரு விரலைக்கூட அவளால் அசைக்க முடியவில்லை.

பெரிய காயம் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணி படுத்துத் தூங்கவேயில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைப்பாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் கை நடுங்கும், கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும். "இன்னொரு மரத்தக் காயப்படுத்தினா வேலைக்கு வர வேணாம்" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். தோட்டத்திலேயே சுத்தமாகப் பால் வெட்டுகிறவள் என்று பேரெடுத்தவள் அவள். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து கையை மடியை விட்டு எடுப்பதே இல்லை.

அண்ணியைச் சரியாக்கியே தீருவேன் என்று நான் முடிவு கட்டினேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை.) அந்த நேரம் பார்த்து குருவிட்டயில், மண்சரிவில் பயந்துபோனவர்களுக்கு உதவுவது எப்படி என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் படிப்பித்தார். பயம் மனதில் மட்டுமில்லை, உடம்பிலும் தங்கிவிடும் என்றார். நடந்ததைப் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, காலைத் தரையில் ஊன்றி, மூச்சை நீளமாக விட்டு, கை கால்களை உதறி, நடுக்கம் வந்தால் வரவிட வேண்டும் என்றார். எதையும் மெதுவாகச் செய்ய வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். என் மண்டையில் ஏறியது உதறல் மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துப் பெண்களைப் பிள்ளைக்காம்பராவில் கூட்டினேன். வேலை நாளில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது, ஞாயிறென்றால் காலியாகக் கிடக்கும். அண்ணிக்கு நடந்ததைச் சொல்லி, என் திறமையைப் பார்க்க மிஸ்ஸையும் வரச் சொல்லியிருந்தேன். பஸ் பிந்திவிட்டது. அண்ணியை இழுத்து வந்து சுவரோரம் உட்காரவைத்தேன்.

"எல்லாரும் எந்திரிச்சு கண்ண மூடிக்கிட்டு கைய ஒதறுங்க" என்றேன்.

யாரும் எழவில்லை. "எதுக்குப் புள்ள?" என்றார் பூரணத்தக்கா. கோயில் திருவிழாவில் யாருக்குச் சாமி வந்தாலும் முன்னால் போய் நின்று குறி கேட்பவர் அவர்தான்.

"ஒடம்புல உள்ள பயம் போயிரும்க்கா."

"வாரம் பூரா வேல செஞ்சு ஒதறின கைதானே. இன்னைக்கும் ஒதறணுமா?"

நான் விடுகிற ஆளா? நானே செய்து காட்டினேன். அன்று தலைக்குக் குளித்திருந்தேன், கொண்டை அவிழ்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க, "ஹூம், ஹூம்" என்று மூச்சை வெளியே தள்ளினேன். தலைவிரி கோலமாக இப்படி ஆடுகிற பெண்ணை எங்கள் ஆட்கள் என்னவென்று நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. குலவைச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் நெற்றியில் திருநீறு, கையில் வேப்பிலை.

"யாரு தாயி வந்திருக்கிறது?" என்று பூரணத்தக்கா கும்பிட்டார்.

"நான்தாங்க்கா, விமலா."

"மறைக்காத தாயி. மாரியாத்தாளா, காளியாத்தாளா?"

"ஐயோ, நான் சாமி இல்லக்கா."

"மொதல்ல அப்பிடித்தான் சொல்லும்" என்று பக்கத்தில் நின்றவளுக்கு விளக்கினார். "கோவமா இருக்கா. குளுர வைக்கணும்."

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் இறங்கியது. அந்த நிலையிலும் எனக்குப் புத்தி வேலை செய்தது பாருங்கள். சாமி சொன்னால் கேட்பார்கள் அல்லவா? "எல்லாரும் கைய ஒதறுங்க" என்று அதட்டினேன். காம்பரா முழுக்க உதறியது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் இன்னும் கொஞ்சம் ஆடிவிட்டேன். சாமிக்கு உக்கிரம் கூடிவிட்டது என்று இரண்டு பேர் என் கைகளைப் பின்னால் இறுக்கிப் பிடிக்க, பூரணத்தக்கா அடுத்தடுத்த குடங்களைக் கவிழ்த்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். உண்மையாகவே பயந்துவிட்டேன்.

"மூச்சு முட்டுது. கைய விடுங்க" என்று கத்தினேன். பிடி இன்னும் இறுகியது.

"அவ கைய விடுங்கடி."

சுவரோரம் இருந்த அண்ணி எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

"சாமிக்குக் குறுக்க வராத செல்வமணி" என்றார் பூரணத்தக்கா.

"சாமியாவது. அது என் நாத்தனா. மூச்சு முட்டுதுன்னு சொல்றா, காது கேக்கலையா?"

இரண்டு கையாலும் பூரணத்தக்காவை நெட்டித் தள்ளினாள். நிறைகுடத்தைப் பிடுங்கி வாசல் பக்கம் வீசி ஊற்றினாள். வாசலில், வெள்ளைச் சேலையில், அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கிய மிஸ் நின்றிருந்தார்.

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இதையோ நான் உமக்குப் படிப்பிச்சனான்?"

எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் அண்ணி நடுங்கத் தொடங்கினாள். தலை முதல் கால்வரை, பல் கிட்டிக்கொள்ள நடுங்கினாள். பூரணத்தக்கா திருநீற்றை எடுத்தார். மஞ்சள் சொட்டச் சொட்ட மிஸ் உள்ளே வந்து அண்ணிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒருத்தரும் பிடிக்காதேங்கோ, நடுங்கட்டும். தங்கச்சி, கால் தரையில முட்டுதோ எண்டு பாரும். இப்ப உம்மட கைய ஒண்டும் அமத்தேல்ல."

"அன்னைக்கு என்னால கைய எடுக்க முடியலைங்க மிஸ்" என்றாள் அண்ணி. மண்சரிவைப் பற்றி அவள் வாய் திறந்தது அப்போதுதான். நெடுநேரம் அழுதாள். நடுக்கம் அடங்கியதும் குழந்தைகளின் பாயில் சரிந்து, கால் நீட்டித் தூங்கிப்போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பினேன், சந்தோஷத்தில்தான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்கில் ஞாயிறு தவறாமல் கூடினோம், இந்த முறை மிஸ் சொன்னபடி மெதுவாக. (தாயி உத்தரவு என்று பூரணத்தக்காவே எல்லோரையும் விரட்டிக்கொண்டு வந்துவிடுவார்.) அண்ணி மறுபடி கத்தி எடுத்தாள். கணக்கப்பிள்ளை மரம் மரமாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு காயமும் கிடைக்காமல் திரும்பினார்.

இப்போதும் வீட்டில் யாருக்காவது நான் புத்தி சொல்ல ஆரம்பித்தால், அண்ணி எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய குடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் தலைக்கு மேல் பிடித்தபடி, "தாயிக்கு ஊத்தவா?" என்று கேட்பாள். வீடே சிரிக்கும். நான் அண்ணாந்து பார்ப்பேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது.