புழு வாத்தியாரும் குதிரைமயிரும்

மாலை நாலேகாலுக்கு என் ஆறு வயது மகள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து முற்றத்தில் வாந்தி எடுத்தாள். அதில் ஒரு முழ நீளக் கறுப்பு மயிர் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மயிர் தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டது.

டாக்டர் பெரியகுளம் போயிருந்தார். புழு வாத்தியாருக்கு ஆள் அனுப்பினேன்.

உத்தமபாளையத்தில் மனிதரின் முகத்தை மறந்து வயிற்றுப் பூச்சியை ஞாபகம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நான் டீச்சராக இருந்த பள்ளியிலேயே அவரும் வேலை பார்த்தார். புழுக்களைத் தட்டை, உருளை, வளையம் வளையமானது என்று மூன்று கூட்டமாகப் பிரிப்பார். தலைமையாசிரியர் அவர் கணக்கில் உருளை. ஒரு முனையில் போனது மறுமுனையில் வந்துவிடுமாம், உள்ளே எதுவும் தங்காதாம். ஒரு கல்யாணப் பந்தியில் இடியாப்பத்தை இழை இழையாகப் பிரித்து, உருளைப்புழுவுக்கும் இப்படித்தான் வளையம் இருக்காது என்று விளக்கினார். எங்கள் வரிசையே எழுந்து கைகழுவப் போனது. அவர் இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் தீராத வழக்கு ஒன்று இருந்தது. லண்டனில் அச்சான ஒரு புத்தகம், மயிரிழை போலவே இருக்கும் குதிரைமயிர்ப் புழுவை உருளைப்புழுக்களோடு சேர்த்தது. இன்னொன்று தனியே தள்ளியது. வளர்ந்தபின் அதற்குச் சாப்பாடே கிடையாது, சாப்பிடாததை அந்தப் பந்தியில் எப்படி உட்காரவைப்பது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். நாங்கள் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவுவோம்.

என் வீட்டுக்காரருக்கு அன்று ஒரே யோசனை. உள்ளே இன்னும் இருக்கும், நேர்வாளம் கொடுத்துவிடலாம் என்றார். வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும் பேதி மருந்து அது. முக்கால் மணி நேரம் பொறுத்தார்.

"அந்தாளு வந்தாலும் புழுவத்தான் பாப்பாரு, பிள்ளையப் பாக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே சங்கில் ஊற்றினார். மகளின் வாயைத் திறந்து பிடித்தது நான்தான்.

சங்கு அவள் உதட்டுக்குப் போகும்முன் வாத்தியார் வந்தார். காலில் செருப்பில்லை, மூச்சு இரைத்தது. நேராகப் புழுவிடம்தான் குனிந்தார். லென்சை வைத்து வால் நுனியைப் பார்த்தார். எழுந்து, சங்கை வாங்கி முற்றத்தில் கவிழ்த்தார்.

"இது வெட்டுக்கிளி வயித்துல வளர்றது டீச்சரம்மா. மனுசன் வயித்துல பொழைக்கத் தெரியாது. வெளிய வந்துருச்சு, அம்புட்டுத்தான். மருந்து குடுத்துராதீக."

பிறகு ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, தன் துண்டால் என் மகளின் வாயைத் துடைத்தார்.

"பயந்துட்டியா ஆத்தா?"

அவள் தலையாட்டினாள்.

"நானுந்தான். ஓடியார வழியில ஒரு புழுப் பேரும் ஞாபகத்துக்கு வரல."