மென்சா சாகவில்லை

மொன்றியல்
14.10.2006

மடுத்தாயின் இரக்கத்தால் சுகமாயிருக்கும் என் அன்பான நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கும் அண்ணிக்கும் தங்கச்சி றோசா எழுதிக்கொள்வது. நானும் மகள் ஜென்சியும் சுகம். இவர் இல்லாத வீட்டில் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் கடிதம் என்றால் அப்படித்தானே எழுத வேண்டும்.

அண்ணை, ரொறன்ரோவிலிருந்து உங்களுக்கு இவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் நேரே வந்திருக்கும். பயப்பட வேண்டாம். அட்டையில் குத்துச்சண்டைக் கையுறையோடு நிற்பவர் உங்கள் மச்சான் இல்லை. அவர் எங்கள் கீழ்வீட்டு மென்சா, கானா நாட்டவர், உயிரோடிருக்கிறார். அந்தப் புத்தகத்தை ஒருவருக்கும் காட்டாமல் எரித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். இவர் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வில்லரே பூங்காவில் மென்சாவின் தோளில் கை போட்டபடி எடுத்தது. நான் பெரிதாய்ப் படிக்காதவள், என்றாலும் செத்தவரின் தலைக்குமேல் சிலுவை போடுவது எனக்குத் தெரியும், பேனையால் வடிவாய்ப் போட்டு அனுப்பினேன். ரொறன்ரோ அச்சகத்துப் பேரின்பநாதன் சைவக்காரர், சிலுவை போட்ட ஆளைப் படத்திலிருந்து வெட்டச் சொல்லுகிறேன் என்று நினைத்து இவரை வெட்டிவிட்டு மென்சாவைச் சாகடித்துவிட்டார். போனில் கேட்டால், "அக்கா, கையுறையோட நிண்டார், பெரிய விளையாட்டு வீரராக்கும் எண்டு நினைச்சு, காசு வாங்காமல் ஒரு பாட்டும் சேர்த்தனான்" என்கிறார். இருநூறு புத்தகம் அண்ணை. பூசைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்க, ஜென்சி ஒன்றை எடுத்துப்போய் மென்சாவிடமே கொடுத்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, படம் வடிவாயிருக்குதாம். இவரை அம்புலன்ஸ்வரை தூக்கிப்போன மனிசன், அவருக்கே சாவுப் புத்தகமா. கொஞ்சத்தில் புத்தகத்தோடு மேலே வந்தார். நான் பாட்டை வாசித்துச் சொல்ல, ஜென்சி பிரெஞ்சில் சொன்னாள்.

களத்திலே நின்ற காளையே
கைகள் ஓய்ந்து போனாயோ
ஊரே கூடி அழுகுதையா
உன் பேரைச் சொல்லி அழுகுதையா

"எந்த ஊர் அழுகுது?" என்று கேட்டார்.

"மன்னார்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"எத்தினை பேர் இருப்பினம்?"

எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். மனிசன் கதிரையில் இருந்துவிட்டார். எழுபத்தாறில் இதே மொன்றியலுக்கு ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை அடிபட வந்தவர் அண்ணை. நிறை குறைக்க மூன்று கிழமை அரைவயிறு. அப்போது தென்னாபிரிக்காவில் கறுப்பு ஆட்களை மிதித்த அரசாங்கம், அங்கே போய் விளையாடிய நியூசிலாந்துக்காரரை வெளியே விடுங்கள் என்று ஆபிரிக்க நாடுகள் கேட்க, ஒலிம்பிக் நடத்தினவர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். அடுத்த நாள் சண்டை, முதல்நாள் பெட்டியைக் கட்டச் சொல்லி அவரின் நாட்டிலிருந்து கட்டளை. எதிராளி தனியே மேடையேறி நிற்க, அவன் கையைத் தூக்கி வென்றாய் என்றார்களாம்.

"திரும்பிப் போகேக்க அம்மா மட்டும்தான் எயார்போட்டுக்கு வந்தவ. அவவும் ஏன் இப்பிடி மெலிஞ்சாய் எண்டுதான் கேட்டவ. களத்தில நிண்டனான் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை, மதாம் றோசா. இந்தப் புத்தகத்தை என்ன செய்யப் போறியள்?"

"எரிக்கத்தான்."

"எரிக்காதேங்கோ. எல்லாத்தையும் எனக்குத் தாங்கோ."

"செத்துப்போனீங்கள் எண்டெல்லோ கிடக்கு."

"என்ர ஆக்களுக்குத் தமிழ் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். இவர் போனபிறகு முதற் சிரிப்பு. பிறகு அழுதேன், அதை விடுங்கள்.

பேரின்பநாதன் இவரின் பாஸ்போட் படத்தோடு வேறு அடித்து, பூசையன்று காலை பஸ்ஸில் அனுப்பிவிட்டார். எல்லாம் குறையின்றி முடிந்தது. மென்சா மூன்று தரம் சோறு வாங்கினார், எழுபத்தாறில் பட்டினி கிடந்த கிழமைகளுக்குக் கிழமைக்கு ஒன்று என்று. சரியான புத்தகம் இத்துடன் வருகிறது, இதையே மாதா படத்தடியில் வையுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தரின் ஆசீர் நிறைய.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
றோசா

பி.கு.: அண்ணை, அந்தப் பிழையான புத்தகத்தை எரிக்க வேண்டாம். இன்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மென்சாவின் தோளில் இவரின் ஒரு கை மிச்சமிருக்கிறது, பக்டரி மெசினில் நகம் போன விரலோடு. பாஸ்போட் படத்தில் இவர் பொலிசுக்கு முன்னால் நிற்கிற மாதிரி நிற்கிறார். அதனால் பிழையானதையே மாதா படத்தடியில் வையுங்கள். எல்லாவற்றையும் மென்சாவுக்கே கொடுத்துவிட்டபடியால், எனக்கும் ஒன்று வேண்டுமென்று கீழே கேட்கப் போனேன். மனிசன் கையெழுத்துப் போட்டுத்தான் தந்தார்.