துக்க டாக்டரிடம் என்னை அனுப்பிய தம்பிக்கு

செமோர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி தர்மாவுக்கு,

செமோரிலிருந்து அக்கா மங்களம் எழுதுவது. உன் உடம்பும் விமலாவின் உடம்பும் பிள்ளைகளின் படிப்பும் பாகான் டத்தோவில் உன் தென்னை மரங்களும் எப்படி இருக்கின்றன என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். பதிலுக்கு அவசரமில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். ஃபோன் பண்ணினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். குரல் பதிவு அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் மகனே என்னிடம் சொல்லிவிட்டான். என் கோபத்தை நீ அணில் குரலில் கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆகவே கடிதம். காலமெல்லாம் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தவள் எழுதுகிறேன், ஒழுங்காக உட்கார்ந்து படி.

உன் மாமா, என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்து இன்னும் வருசம் திரும்பவில்லை. சாவு வீட்டில் நான் அழவில்லை என்பது உனக்குப் பெரிய குறையாகிவிட்டது. வந்தவர்களுக்கு யார் கோப்பி கலக்குவது? பந்தல்காரன் நாற்காலிகளைச் சாக்கடை மேல் போட்டு வைத்திருந்தான், அவனை யார் ஏசுவது? நீயா? நீ பின்பக்கம் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லாவற்றையும் நான் பார்த்தேன், அழ நேரம் கிடைக்கவில்லை. அதற்காக என் மகள் தினேஸ்வரியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஈப்போவில் ஒரு துக்க டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்குவாயா? அதுவும் என்னைக் கேட்காமல்?

அவள் எப்படி அழைத்துப் போனாள் என்று கேள். "கண்ணாடி மாத்தணும்மா, பவர் ஏறியிருக்கும்லா" என்றாள். நானும் நம்பி, பழைய கண்ணாடி இரண்டையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். பழைய டவுனில் ஒரு கடை வீட்டின் மாடிக்கு ஏற்றினாள். என் முழங்கால் என்னைத் திட்டியது, நான் அவளைத் திட்டினேன். மேலே போய்ப் பார்த்தால் போர்டில் கண் படம் இல்லை. இழப்பு, துக்கம், அதிர்ச்சி ஆலோசனை என்று எழுதி, கீழே ஒரு தாமரைப்பூ. திரும்பிப் பார்த்தால் மகள் கார் நிறுத்திய இடம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே பாதிப் படி இறங்கிவிட்டாள்.

முன்னால் மேசையில் ராட்னி என்று ஒரு பையன், கழுத்தில் அட்டை. "ஆண்டி, இறந்தவங்க பேரு?" என்றான், கோழிக்கறி எத்தனை கிலோ என்று கேட்பதுபோல. உனக்குத் தெரியும், உன் மாமா பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதுவேன், பள்ளிக்கூட ஃபாரங்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். சொல்லமாட்டேன். நம் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதில்லை, நானும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பேனா கொடு என்றேன். கம்ப்யூட்டரில்தான் அடிப்பானாம். சரி என்று, "அயோத்தியை ஆண்டவர் பேரு தம்பி, அதோட ஐயா சேத்துக்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு எதையோ தட்டினான்.

உள்ளே போனால் டாக்டர் இல்லை, கவுன்சலராம். எல்ஸி என்று பெயர், நம் தினேஸ்வரியைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் உட்காரும் முன்பே டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதை அவள் பக்கம் நகர்த்தினேன். "டீச்சர், மிஸ்டர் அயோத்தியப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

மிஸ்டர் அயோத்தி. என் புருசன் மிஸ்டர் அயோத்தி.

அது அவர் பெயரில்லை என்றேன். அப்படியென்றால் என்ன பெயர் என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். உடனே முகத்தை இளகவைத்துக்கொண்டு, "பரவால்ல டீச்சர். சில பேருக்கு ஆரம்பத்துல பேரு சொல்லவே வராது. மனசு இன்னும் ஏத்துக்கல" என்கிறாள்.

"அவரு உசுரோட இருந்தப்பவே நான் சொன்னதில்லம்மா. அப்பவும் ஏத்துக்கலையா?"

பாவம், எதையோ நோட்டில் குறித்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு, துக்கத்தை ப்ராசஸ் பண்ணவேண்டும் என்று ஆரம்பித்தாள். ப்ராசஸ் பண்ண அது என்ன ரப்பர் பாலா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "சும்மா விட்டா பால் கட்டிப்போய் நாத்தம் அடிக்கும் டீச்சர். எங்கப்பா தோட்டத்துல பால் தூக்கினவரு, எனக்குத் தெரியும்லா." வாத்தியாரையே மடக்குகிறாள் பார்.

அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலி வந்தது. மூலையில் கிடந்த காலி நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு, "அவரு இதுல உக்காந்திருக்காருன்னு வச்சுக்குங்க. என்ன கேப்பீங்க?" என்றாள். சின்னப் பிள்ளைகள் சோறாக்கி விளையாடுவதுபோல இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவேண்டாம் என்றேன். "சரி, கேக்க வேணாம். சும்மா பாருங்க" என்றாள். பார்த்தேன். அவர் எப்போதும் உட்காருவதுபோல அந்த நாற்காலியும் கொஞ்சம் கோணலாக நின்றது.

அந்தக் காலை நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் யாரும் இதுவரை என்னை முழுதாகச் சொல்ல விட்டதில்லை. "நான் பசாருக்குப் போயி கெம்போங் மீன் வாங்கிட்டு வாரேன், நீ மசாலா அரைச்சு வை" என்றுதான் சொன்னார். மோட்டர் சைக்கிள் கூடையில் பையைப் போட்டுக்கொண்டுதான் போனார். நான் மசாலா அரைத்தேன். மாங்காய் வெட்டி வைத்தேன். அரிசி களைந்தேன். இன்னும் ஆளைக் காணோமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனுசன் பசாருக்கே போகவில்லை. ராத்திரி முழுக்க நெஞ்சு வலித்திருக்கிறது. தானே மோட்டரை ஓட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், அங்கே பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். "வீட்ல சொல்லாதீங்க, பயந்துக்குவா" என்று சொன்னாராம். அதை அங்கிருந்த நர்ஸ் பெண்தான், அவர் உயிர் போன பிறகு, என்னிடம் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை இல்லை. மீன் வாங்கப் போகிறாராம்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை தர்மா. எழுந்து நின்றுவிட்டேன்.

"டேய் ராமையா, மீன் எங்கடா?"

பக்கத்து அறையில் ட்யூஷன் சென்டர். மலாய்ப் பாடம் உரக்கப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். ராட்னி கதவைத் திறந்து பார்த்தான். நான் விடவில்லை. எவளைக் கேட்டுப் பொய் சொன்னாய், நான் என்ன சின்னப் பிள்ளையா, எனக்கு மோட்டரில் பின்னால் உட்காரத் தெரியாதா, உன்னைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதா என்று என்னென்னவோ கேட்டேன். பெயர் எத்தனை தடவை வந்ததோ. வாடா போடா வேறு. கேட்கவேண்டியதெல்லாம் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். பிறகு அழுதேன். உனக்குத் திருப்திதானே?

அந்தப் பெண் என்னைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை, பெட்டியையும் நகர்த்தவில்லை. நான் ஓய்ந்த பிறகு, "கெம்போங் மீன எப்படிச் சமைப்பீங்க டீச்சர்?" என்று கேட்டாள். இத்தனை நாளில் யாராவது கேட்டீர்களா? மனசைத் திடமா வச்சுக்குங்க என்றீர்கள், கொடுத்து வைத்தவர், கஷ்டப்படாமல் போய்விட்டார் என்றீர்கள். நான் மசாலா அரைத்து வைத்திருந்தேன் என்பதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. மீதி நேரம் முழுக்க மீன் குழம்புதான் பேசினோம். வால் துண்டு அவருக்குப் பிடிக்கும் என்றேன். புளி அதிகமானால் ஒரு வார்த்தை சொல்லாமல் முழுதும் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி தண்ணீர் தண்ணீர் என்று எழுந்திருப்பார் என்றேன்.

கீழே இறங்கினால் காருக்குள் தினேஸ்வரி, கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். பெற்றவர் செய்ததையே மகளும் செய்கிறாள் பார் என்று அங்கேயே பிடித்தேன். "இனிமே என்னைய ஒரு இடத்துக்குக் கூட்டிப் போறதுன்னா எந்த இடம்னு சொல்லிக் கூட்டிப் போ. நல்லதுக்குன்னு சொல்லி எங்கிட்டப் பொய் சொன்ன கடைசி ஆளு நீயா இருக்கணும்" என்றேன். "சரிம்மா" என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா போனதற்கு அவளும் என் முன்னால் அழுததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், பின்னால் ஒரு சீனர் ஹார்ன் அடிக்கும்வரை.

ஆக, தம்பி, நான் சொல்லவருவது இதுதான். என் விசயத்தில் இனி நீ மூக்கை நுழைக்காதே. பெரியவளைப் பொய் சொல்லி மாடி ஏற்றி, நாற்காலியோடு சண்டை போடவைத்து, ஊர் கேட்கப் புருசன் பெயரைச் சொல்லவைத்த பாவம் உன்னைத்தான் சேரும். அந்த மாடிப்படியை இனி நான் மிதிக்கப்போவதில்லை.

விமலாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் மரங்களை வண்டு தொடாமல் இருக்கட்டும், நீ ஆயுசோடு இரு. திட்டுவதற்கு எனக்குத் தம்பி ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அக்கா,
மங்களம்

பின்குறிப்பு: வியாழக்கிழமை எனக்கு மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன், நானே ஃபோன் பண்ணி. எனக்கு அடுத்த நேரம் உனக்கு. உன்னைக் கேட்கவில்லை, ஆனால் பொய்யும் சொல்லவில்லை, நேராகவே சொல்கிறேன். விமலா நேற்று எல்லாம் சொல்லிவிட்டாள். உன் மாமாவோடு மீன் பிடிக்கப் போகிற அந்தப் படகு ஜெட்டிக்கு இப்போது தனியாகப் போகிறாயாம். தூண்டில் மட்டும் இரண்டு போடுகிறாயாம். சாப்பாடு இறங்குவதில்லையாம், கேட்டால் வயிறு சரியில்லை என்கிறாயாம். புதன்கிழமையே பஸ் ஏறி வா. மறுநாள் உன் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போ. நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.